முன்தண்டுக்காரர் மலையிலிருந்து இறங்கிய விதம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் உதயகுமாரின் வீட்டைக் கதவு எண் சொல்லி யாரும் தேடுவதில்லை. முன்தண்டுக்காரர் வீடு என்று கேட்டால் போதும். தெரு கொடுத்த பட்டம் என்று அவர் சொல்லிக்கொள்வார். அவரே ஓயாமல் சொல்லிவந்ததை, மறுத்துப் பேசச் சோம்பல்பட்ட மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் உண்மை.

ஆடியில் தெரு அம்மன் புறப்படும்போது சப்பரத்தை இரண்டு நீள மரத் தண்டுகளில் கட்டித் தோளில் தூக்குவார்கள். வலது தண்டின் முன்முனை உதயகுமாரின் குடும்பத்துக்கு உரியது. அவருடைய அப்பா ஆறடி உயரம். தண்டு அவர் தோளில் வந்து உட்கார்ந்தால், ஊர்வலம் முடியும்போது தோலில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். மகன் உயரத்தில் அம்மாவைக் கொண்டவர். உரிமை உயரத்தைப் பார்த்து வருவதில்லை என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெரிய துவாலையை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தி, முகத்தில் தாங்கமுடியாத பாரத்தைக் காட்டியபடி நடப்பார். வழியில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நிற்பாள். தூக்குகிறவர்களின் பாதத்தில் ஊற்றுவது வழக்கம். முதல் ஊற்று முன்தண்டுக்கு. உதயகுமாருக்குத் திருவிழா என்றால் அதுதான். அம்மன் கூட வந்துகொண்டிருப்பாள்.

அவருக்குப் பின்னால் இரண்டாவதாகத் தோள் கொடுப்பவர் சித்தப்பா மகன் தேவேந்திரன். நல்ல உயரம், குறைந்த பேச்சு. முன்தண்டுக்காரர் ஏதாவது ஒரு வருடம் வராமல் போனால் தேவேந்திரன் ஓரடி முன்னே வருவார். அப்படி முன்னே வந்தவர் பிறகு பின்னே போவதில்லை, அவர் பிள்ளைகளும் போவதில்லை. தெருவின் கட்டுப்பாடு இது. இதைப்போல இன்னொன்றும் உண்டு. காப்புக் கட்டிய கை, ஊர்வலம் முடிந்து சாமி இறங்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அந்த வருடம் தண்டைத் தொடமுடியாது.

நெசவில் உதயகுமாரைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்வதென்றால் அவர் தறியில் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அவர் மனைவி அகிலா காலையிலிருந்து சாயங்காலம்வரை நெய்கிறாள். மற்றொன்றில் பங்குனியில் பிணைத்த பாவு நூல் இன்னும் நெய்யாமல் தொங்குகிறது. அந்தத் தறியின் குழிக்குள் அவர் இறங்கும் நேரத்தைவிட அதற்கு எண்ணெய் போடும் நேரம் அதிகம். பூவேலைக்காக மேலே வைத்திருக்கும் ஜக்கார்டு பெட்டி கீச்சென்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார். சத்தம் போகும். வேலை செய்ததாக மனசு திருப்திப்படும். இறங்கி வெளியே போய்விடுவார்.

வெளியே அவருக்கு வேலை இருந்தது. ஒரு காலத்தில் சிலம்பம். அதற்குக் கறுப்புக் கால்சட்டையும் சிவப்புக் கச்சையும் தைத்தார். கம்பு கடைசிவரை புதிதாகவே இருந்தது. பிறகு லவ் பேர்ட்ஸ், அதன்பின் மாடித்தோட்டம். மருத்துவர் சர்க்கரை இருக்கிறது, நடங்கள் என்று சொன்னதும் கியர் சைக்கிள் வாங்கினார். நடப்பது எல்லோரும் செய்வது. சைக்கிளோடு தலைக்கவசமும் கையுறையும் கருப்புக் கண்ணாடியும் பிருஷ்டத்தில் பஞ்சு வைத்த கால்சட்டையும் வந்தன. அந்தக் கால்சட்டையோடு அவர் முதல்நாள் தெருவில் நடந்தபோது, குழாயடியில் நின்ற பெண்கள் அகிலா முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். அகிலா போனதும் திறந்தார்கள்.

அவரைச் சேர்த்துக்கொண்டது பட்டுக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் சைக்கிள் குழு. தலைவன் விமல்ராஜ், அப்பாவின் கடையில் கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்ப்பவன். தேவேந்திரன் நெய்வதும் அந்தக் கடைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் குழு முசரவாக்கம்வரை மிதிக்கும். ஒரு ஓட்டலில் பொங்கலும் வடையும் தின்னும். மிதித்ததில் எத்தனை கலோரி போனது என்று போனில் பார்த்து மகிழும். வடையின் கணக்கைப் போன் சொல்லாது.

அந்த ஓட்டலில்தான் விமல்ராஜ் மலைப் பேச்சை எடுத்தான்.

"ண்ணா, ஏற்காட்டுல ஒரு ரிசார்ட்டு. மவுண்டன் பைக்கிங் பேக்கேஜ் போட்டுக்கிறான். காப்பித் தோட்டத்து உள்ளாற டவுன்ஹில். நீங்க வர்றீங்களா, இல்ல ரோட்டுல மட்டும்தானா?"

"இன்னாபா இப்படி கேட்டுட்ட? தறி மிதிச்ச காலுபா இது. பரம்பரையா மிதிச்சிக்கினு வரோம். நான் முன்னாடி போறேன், நீங்க பின்னாடி வாங்க."

"முன்னாடியேவா?"

"எனக்கு முன்னாடிதான் பழக்கம். கோயில்லயும் அப்படித்தான்."

பயணத் தேதி இரண்டு நாள் கழித்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. காப்புக் கட்டுவதற்கும் சாமி புறப்பாட்டுக்கும் நடுவில் வரும் சனி, ஞாயிறு. பெருமை பேச அவருக்கு இரண்டு இடம் இருந்தது, தெரு ஒன்று, குழு ஒன்று. இரண்டும் ஒரே வாரத்தில் வந்து மோதும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. குழுவில் வரமுடியாது என்று எழுதியிருக்கலாம். ஒரு வரிதான். அதை எழுத அவருக்குக் கை வரவில்லை. தெருவில் காப்பு வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. வெள்ளிக்கிழமை பூசாரி அவர் கையில் மஞ்சள் காப்புக் கயிற்றைக் கட்டினார். அன்று மாலை உதயகுமார் கண்ணாடிமுன் நின்று கையுறையை இழுத்து இழுத்துப் பார்த்தார். கயிறு உள்ளே போய்விட்டது.

அகிலா தறியிலிருந்து எழாமலே கேட்டாள்.

"இன்னாங்க, காப்ப மூடிக்கினா அம்மனுக்குத் தெரியாதா?"

"அம்மனுக்குத் தெரியலாம். தேவேந்திரனுக்குத் தெரியக்கூடாது. ரெண்டே நாளு. யாராவது வந்து கேட்டா எனக்கு வயிறு சரியில்லன்னு சொல்லு."

"நான் யாராண்டயும் பொய் சொல்லமாட்டேன்."

"அகிலா!"

"வெளிய தலகாட்ட முடியாத நெலமையில இருக்கறாருன்னு சொல்றேன். அது உண்மதான்." ஊடை நூல் நாடாவை ஒரு தள்ளு தள்ளினாள்.

விடியுமுன் வேன் தெருமுனையில் நிற்காமல் பெரிய சாலையில் நின்றது. அவர் கேட்டுக்கொண்டபடி. சைக்கிளைப் பாவு மூடும் பழைய துணியில் சுற்றிப் பிணத்தைப்போல அங்கே உருட்டிக்கொண்டு போனார்.

மலையில் மிதிப்பதற்கென்று வாங்கிய சைக்கிள்களை மலைமேல் வேன் சுமந்து போனது. சேலம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் வீரர்கள் ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்தினார்கள். பாதி மலையில் இரண்டு பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கலோரி குறைத்தார்கள். உதயகுமார் வாயில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

ஏற்காடு அவர்களை ஹாரன் சத்தத்தோடு வரவேற்றது. குளிருக்காக வந்தவர்கள் எல்லோரும் ஏசி கார்களில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெரிசலில் நின்றார்கள். ஏரியைச் சுற்றிலும் மிளகாய் பஜ்ஜி. பஜ்ஜி தின்னக் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட வேண்டியதில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் பெயரில் வ்யூ என்று முடிந்தது. அவர்கள் தங்கிய ரிசார்ட்டின் பெயரும் அப்படித்தான். அறையின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த ரிசார்ட்டின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் இவர்களுடைய தொட்டி தெரிந்திருக்கும். வாசலில் ஒரு பெண் பாசிமணி மாலை போட்டு, ஆரஞ்சு நிறத்தில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். சர்க்கரை வியாதிக்காகச் சைக்கிள் வாங்கியவர் இரண்டு கிளாஸ் குடித்தார்.

அவருடைய பெரிய வேதனை வேறு. மலை, பனி, மாலை, புது உடுப்பு எல்லாம் இருந்தும் ஒரு படத்தைக்கூடத் தெருவுக்கு அனுப்ப முடியவில்லை. போனை எடுப்பார், தன்னைத்தானே படம் பிடிப்பார், பெரிதாக்கிப் பார்ப்பார், திரும்பப் பையில் வைப்பார். சொல்லமுடியாத பயணம் அவருக்குப் போகாத பயணம்.

"விமலு, போட்டோ எதையும் எங்கயும் போட்றாதபா. காரணம் இருக்குது" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சேச்சே, போடமாட்டேண்ணா" என்று விமல்ராஜ் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

மறுநாள் காலை பனி தரைவரை இறங்கியிருந்தது. சைக்கிள்கள் ராத்திரி முழுக்க வெளியே நனைந்திருந்தன. வழிகாட்டியாக வந்தவன் வசந்த், உள்ளூர்க்காரன், சேறு படிந்த சாதாரண கால்சட்டையோடு இருந்தான். அவன் மற்றவர்களுக்குச் சீட்டைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, உதயகுமார் புல்தரையில் ஒரு சுற்று வந்து பிரேக்கை அழுத்தினார். பெரிய கீச்சுச் சத்தம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான்.

உதயகுமாருக்குக் கீச்சுச் சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். வாழ்நாள் முழுவதும் அந்த ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்திருக்கிறார். பையிலிருந்து மூக்கு நீண்ட குப்பியை எடுத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் போனார். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு ஒன்று, அதைக் கவ்விப் பிடிக்கும் கட்டைகள் இரண்டு. முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டிலும் தட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் துளித் துளியாக விட்டார். விரலால் தட்டின் முகம் முழுக்கச் சீராகத் தடவினார். தறிக்குச் செய்வதைவிட அக்கறையாகச் செய்தார். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். சத்தமே இல்லை. சக்கரம் நிற்கக் கொஞ்சம் நேரமானது. எண்ணெய் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சுவருக்கு அந்தப்பக்கம் வசந்த் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பனியில பிரேக்கு கத்தத்தான் செய்யும்ங்க. ரெண்டு தடவ புடிச்சி வுட்டா சரியாயிரும். யாரும் தொடச்சு கிடச்சு வெக்காதீங்க."

உதயகுமார் வந்து சேர்ந்தபோது அவன் பாதையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தான்.

"சார், நீங்க மொத தடவைங்களா? எனக்குப் பின்னால வாங்க."

"தம்பி, நான் பின்னாடி போய் பழக்கமில்ல."

வசந்த் அவருடைய கால்சட்டையைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான். ஒரு முடிவுக்கு வந்தவனாக, "செரிங்க சார், மெதுவா போங்க" என்று வழிவிட்டான்.

காப்பிச் செடிகளுக்கு நடுவில் சிவப்பு மண் பாதை சரிந்து இறங்கியது. முதல் சரிவில் உதயகுமார் முன்னே போனார். பின்னால் வந்தவர்களின் பிரேக்குகள் எல்லாம் கீச்சிட்டன. அவருடையது மட்டும் அமைதியாக இருந்தது. அந்த வித்தியாசத்தை அவர் ரசித்தார். முதல் வளைவில் பிரேக்கை அழுத்தினார். அமைதியாகவே இருந்தது. இன்னும் அழுத்தினார். சைக்கிள் அவர் சொன்னதைக் கேட்காத மரியாதையோடு, சத்தமில்லாமல், வேகம் பிடித்தது.

"ண்ணா, ஸ்லோ! ஸ்லோ!" என்று விமல்ராஜ் கத்தினான்.

"நிக்கமாட்டேங்குதுபா!"

வளைவு இடது பக்கம் திரும்பியது. அவர் நேராகப் போனார். காப்பிச் செடிகள் இரண்டு வரிசை அவரை நிறுத்தப் பார்த்துத் தோற்றன. பரம்பரையாக மிதித்த கால்கள் காற்றில் மிதித்தன. மூன்றாவது வரிசைக்கு அப்பால் தோட்டக்காரர்கள் அழுகவிட்டிருந்த காப்பிப்பழத் தோல் குவியல் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு மரம். குவியல் அவருடைய முகத்தை வாங்கிக்கொண்டது. மரம் வலது தோளை.

வசந்த் இறங்கிவந்து அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுச் சைக்கிளைப் பார்த்தான். பிரேக் தட்டில் விரலை வைத்து முகர்ந்தான்.

"யாருங்க இதுல எண்ண வுட்டது?"

உதயகுமார் வாயிலிருந்த தோலைத் துப்பினார். "கத்திச்சிபா. அதான்."

வசந்த் விரலைக் கால்சட்டையில் துடைத்தான். போனை எடுத்து வண்டியை வரச்சொன்னான்.

ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். கழுத்துக்கடியிலிருந்து தோளுக்குப் போகும் எலும்பு வலப்பக்கம் உடைந்திருந்தது. கையைக் கழுத்தோடு தூளியாகக் கட்டி, ஒன்றரை மாதம் அசைக்கக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது என்றார். ஊசி போடக் கையுறையைக் கழற்றிய நர்ஸ் மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள்.

"காப்பு கட்டிட்டா மலைக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். அவளுக்கும் எங்கோ ஒரு தெரு அம்மன் இருந்திருக்க வேண்டும். உதயகுமார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரும்பும் வழியில் வேனில் விமல்ராஜ் மெதுவாகச் சொன்னான். "ண்ணா, கோச்சிக்காதீங்க. நேத்தே ஒரு குரூப் போட்டோ ஸ்டேட்டஸ்ல வெச்சிட்டேன். நீங்க ஓரமாத்தான் நிக்கறீங்க."

"உன் ஸ்டேட்டஸ தேவேந்திரன் பாப்பானா?"

"எங்க கடைக்கு நெய்யறவங்க எல்லாருமே பாப்பாங்கண்ணா. நாங்க டிசைன் போடறதே அதுலதான்."

உதயகுமார் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். இந்த முறை அகிலா சொன்னது முழுக்க உண்மையாகிவிட்டது. இரண்டு நாள் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் தெருப் பஞ்சாயத்துதான் வருகிறது என்று நடுங்கினார். மலைக்குப் போனது தெரிந்தால் தண்டு போகும். தோள் உடைந்தது தெரிந்தாலும் தண்டு போகும். அப்பாவின் இடம் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடும். சிலம்பமும் லவ் பேர்ட்ஸும் போனபோது அவருக்கு வேறொன்று கிடைத்தது. இது போனால் அவரை எதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பது அவருக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் தேவேந்திரன் வந்தார். உதயகுமார் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"இன்னாணா, ஏற்காட்டுல குளுரா?"

உதயகுமார் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "தேவேந்திரா... யாராண்டயாவது சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?"

"சொன்னா உனக்குத்தான முன்தண்டு."

தேவேந்திரன் சிரித்தமாதிரி இருந்தது. "தோளு எப்படி இருக்குது? தூக்குவியா?"

"தூக்குவேன். உயிரே போனாலும் தூக்குவேன்."

"செரி, வந்து நில்லு." தேவேந்திரன் எழுந்து, அகிலா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

சாமி புறப்படும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உதயகுமார் கைத் தூளியை அவிழ்த்தார். தோள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அதன்மேல் திருநீற்றை அப்பினார். வழக்கம்போலத் துவாலையை மடித்து வைத்தார். துணி பட்டதுமே கண்ணில் பொறி பறந்தது. எடுத்து எறிந்துவிட்டார்.

"போவாதீங்க. அந்தத் தண்டு தோளு மேல ஏறினா எலும்பு ரெண்டு மூணாயிடும்" என்றாள் அகிலா. அதில் ஏளனம் இல்லை.

"இன்னிக்கு நான் நிக்கலன்னா என்னிக்கும் நிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பம்பை மேளம் அதிர்ந்தது. தூக்குகிறவர்கள் குனிந்து இடம் பிடித்தார்கள். பின்னால் தேவேந்திரனின் மூச்சு கேட்டது. "தூக்கு!" என்று குரல் வந்தது. உதயகுமார் பல்லைக் கடித்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எழுந்தார். தண்டு வந்து விழப்போகும் அந்தக் கணத்துக்காக உடம்பு முழுவதும் காத்திருந்தது.

ஒன்றும் விழவில்லை.

சப்பரம் நகர ஆரம்பித்தது. கால்கள் தாமாக நடந்தன. வலி வரவில்லை. அம்மன் காப்பாற்றிவிட்டாள் என்று ஒரு கணம் அவருக்குக் கண் கலங்கியது. கண்ணைத் திறந்து பக்கவாட்டில் பார்த்தார். அவருடைய தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு கை தாராளமாக நுழையும் இடைவெளி இருந்தது. அதன் வழியாக எதிர்வரிசை வீட்டின் சீரியல் விளக்குகள் தெரிந்தன.

இத்தனை வருடமும் அந்த இடைவெளியில் துவாலை இருந்திருக்கிறது. துவாலையைத்தான் அவர் தூக்கியிருக்கிறார்.

விளக்கு அவருக்குத் தெரிந்தால் விளக்கடியில் நிற்பவர்களுக்கும் தெரியும். அவர் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் எழும்பினார். தண்டு தோளைத் தொட்டது. உடைந்த எலும்பு உள்ளே நகர்ந்தது. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நல்லவேளையாகப் பம்பை அதை மூடிவிட்டது. குதிகால் தரைக்கு வந்தது. மறுபடி எழும்பினார். மறுபடி இறங்கினார். முன்தண்டுக்காரர் இப்படிக் குதித்துக் குதித்துப் போவதைப் பார்த்து ஒரு குழந்தை கைதட்டியது.

"ணா," என்றார் பின்னாலிருந்து தேவேந்திரன். கழுத்து நரம்பு புடைத்திருந்ததால் சொற்கள் நசுங்கி வந்தன. "குதிகால கீழ வெச்சி நட. என் கால மிதிக்கற."

"தேவேந்திரா, இது... எப்பத்துலருந்து?"

"பெரியப்பா போனதுலருந்து. நீ நின்னாலும் நிக்கலன்னாலும் எனக்கு இதே கனம்தான். சும்மா நட."

அவர் சும்மா நடந்தார். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப்போல, நல்ல கையை மேலே உயர்த்தித் தண்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

சப்பரம் அவருடைய வீட்டு வாசலுக்கு வந்தது. அகிலா இடுப்பில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். கணவரின் வீங்கிய தோளைத்தான் முதலில் தேடினாள். பிறகு தோளுக்கு மேலே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். அவளுடைய பார்வை தண்டின் வழியே பின்னால் போய், தேவேந்திரனின் தோளில் மரம் பதிந்து தோல் வெளுத்திருந்த இடத்தில் நின்றது. உதயகுமார் வழக்கம்போல வலது பாதத்தைச் சற்று முன்னே நீட்டினார்.

அகிலா அவரைத் தாண்டிப் போய்க் குனிந்து, குடத்துத் தண்ணீர் முழுவதையும் தேவேந்திரனின் காலில் ஊற்றினாள்.

நீட்டிய பாதத்தை உதயகுமார் இழுத்துக்கொண்டார். சப்பரம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. அங்கேயும் ஒரு பெண் குடத்தோடு நின்றிருந்தாள். அகிலா செய்ததை அவள் பார்த்திருந்தாள்.